பாரன் பட்டமும் எங்கள் பரிவட்டமும்

உலக நாகரிகத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய மாபெரும் கொடை ரயிலும் அல்ல, கிரிக்கெட்டும் அல்ல, பரம்பரைப் பட்டம்தான். இதைச் செங்கம் ரோட்டில் எட்டு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவன் என்கிற 'அதிகாரத்தில்' சொல்கிறேன்.

என்னிடம் மூன்றாம் நம்பர் அறையில் தங்கியிருக்கும் மார்கரெட் அம்மாள் ஒரு பாரனின் மகள். பாரன் என்றால் அங்கே பிரபு. எட்டுத் தலைமுறைக்கு முன் கப்பலில் ராஜா வாந்தி எடுத்தபோது இவருடைய முன்னோர் ஒருவர் ராஜாவின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற 'மகத்தான சேவை'க்காகக் கிடைத்த பட்டமாம். ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும். மார்கரெட்டின் அப்பாவுக்கு இவர் ஒரே பெண். ஆகவே அவர் கண்ணை மூடியதும் பட்டம், கனடாவில் பழைய கார் விற்கும் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரனுக்குப் போய்விட்டது. அடடா, என்ன ஒழுங்கு! எனக்குப் புல்லரித்தது.

ஏனென்றால் நாங்களும் பிரபுக்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துத் தலைக்குத்தான். வெள்ளைக்கார கலெக்டரின் குதிரை மிரண்டு ஓடியபோது என் கொள்ளுத்தாத்தா பிடித்துக் கொடுத்ததற்காகக் கிடைத்த மரியாதை அது. குதிரை தானாகவே நின்றுவிட்டது என்பது பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை.

இந்த வருஷம் எனக்கு மூட்டுவலி. மரியாதையை வாரிசுக்கு மாற்ற வேண்டிய வேளை. என் ஒரே மகள் எழிலரசி முன்னால் வந்து நின்றாள்.

"தேருக்கு பர்மிஷன் வாங்குனது நானு, பந்தல் போட்டது நானு, மைக்செட்காரன்கிட்ட கத்துனதும் நானு. பரிவட்டத்த எனக்கே கட்டச் சொல்லுப்பா. ரொம்ப ஆசையா கீது."

பூசாரி அப்பாசாமி தலையைச் சொறிந்தார். "அம்மனே பொம்பளதானுங்களே, அது ஒண்ணும் சொல்லாது. ஊரும் சரின்னுடுச்சு. யாருக்குன்னு நீங்க வாயத் தொறந்து சொன்னா கட்டிடுறேங்க."

நான் வரலாற்றுப் பொறுப்புணர்வோடு வாயைத் திறந்தேன். "ஆதவனுக்கு."

ஆதவன் என் தம்பி மகன். ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், வீடியோ காலில் வந்தான். பம்பை முழங்க, செல்போனுக்குப் பரிவட்டம் கட்டப்பட்டது. போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எழிலரசி.

"பெரியப்பா, ஒண்ணுமே தெரியல, கேமராவ மறைக்குது!" என்று புதிய பிரபு திருவாய் மலர்ந்தார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மார்கரெட்டிடம் பெருமையோடு திரும்பினேன். "பாத்தீங்களா, உங்க ஊரு மாதிரியே பண்ணிட்டோம்!"

எழிலரசி போனை என் கையில் திணித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவங்க ஊரு மாதிரி இல்லப்பா. பட்டத்த பொண்ணுக்கே குடுங்கன்னு அவங்க அப்பா சாகுற வரைக்கும் மனு மேல மனு போட்டாராம். சட்டம் வுடல. இங்க குறுக்க எந்தச் சட்டமும் இல்ல. நீ மட்டும்தான் இருந்த."