ஒரு முழங்காலைத் திரையில் காட்ட ஆன செலவு

பெருமதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். தாங்களும் பெரியம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

காணொளி வழியாக ஒரு நோயாளியைப் பார்க்க என்ன செலவாகிறது என்று சுகாதார அலுவலகத்திலிருந்து தாங்கள் கேட்ட கணக்கை எழுத, நர்ஸான அம்மாவுக்கு நேரமில்லை. அதனால் நான் எழுதுகிறேன். மிச்சமாகும் பயணச் செலவைவிட இது அதிகமானால் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் காணொளி அறையை மூடி, அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவீர்களாம். அந்த ஊர்ப் பள்ளியில் நூலகம் இல்லை.

இன்று வந்த நோயாளி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வலது முழங்காலில் வீக்கம். கேமராவைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததால் அவருடைய வழுக்கை மட்டுமே தெரிந்தது, ஆகவே அவரை மேசைமேல் ஏற்றினோம், மேசை ஆடியதால் மருந்தாளுநர் மாத்திரை கொடுப்பதை விட்டுவிட்டு வந்து மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார், கண்டக்டர் ஆடியதால் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மேலே ஏறி அவரைப் பிடித்துக்கொண்டார், இப்போது திரையில் நான்கு கால்கள் தெரிய, நகரத்து எலும்பு டாக்டர், “அந்த நீல பேண்ட் கால மடக்குங்க” என்றார், அது ஓட்டுநருடைய கால், அவர் மரியாதையாக மடக்கினார், கண்டக்டர் கீழே விழுந்தார்.

“நல்லா மடங்குதே, வீக்கமே இல்லையே” என்றார் டாக்டர்.

“சார், அது என் காலு” என்றார் ஓட்டுநர்.

“டிக்கெட் எடுத்தவன் கீழ கெடக்கேன், ஓசியில ஏறினவன பாத்துட்டு இருக்காரு” என்றார் கண்டக்டர், தரையிலிருந்து.

மேசைப் பழுது, இருவரின் வேலைநேரம், கண்டக்டரின் இடது முழங்காலுக்கும் சேர்த்துக் கட்டு: மொத்தம் 720. நகரத்துக்குப் போய்வரும் செலவு 800. ஆகவே 80 மிச்சம், அறையை மூட வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. தங்கள் ஆசியோடு இதே பள்ளியில் மேலும் படிக்க விரும்பும்,
தம்பி மகள்.

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகு எலும்பு டாக்டர் இதே சுகாதார நிலையத்து மாடியிலிருந்து இறங்கி வந்தார். காலையிலேயே பின்பக்கப் படி வழியாக வந்துவிட்டாராம். “நேர்ல பாத்தா காணொளிக் கணக்குல வராதேம்மா, அதான் மேலயே இருந்துட்டேன்” என்றார். எனவே மிச்சமான பயணம், பதினெட்டுப் படி. “இத மட்டும் எழுதிடாதடி கண்ணு” என்றார் அம்மா. “எழுதிட்டேம்மா” என்றேன். இந்த வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.