பூட்டு சாரின் ஒரே ரசிகர்

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்த ரசிகர், ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிப் போய்விட்டார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்த பூட்டு சார், கணக்கு தப்போ என்று மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. கண்ணில் படுகிற பூட்டையெல்லாம் படம் பிடிக்கிற பைத்தியம். ஒருமுறை போன் வாளித் தண்ணீரில் விழுந்து, அறுநூறு பூட்டுகள் ஜலசமாதி ஆயின. அன்றைக்குச் சபதம் எடுத்தவர், வீடியோ பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, மிச்சமிருந்த நாலாயிரத்துச் சொச்சம் படங்களையும் நெட்டில் பத்திரப்படுத்தினார். அவற்றை ஒவ்வொன்றாக, மெதுவாகக் காட்டுகிற இணையதளத்தையும் தானே உருவாக்கி, அதன் முகவரியை லிஃப்டுக்குள் ஒட்டிவைத்தார்.

இந்தத் திருப்பணியில் சாப்பாட்டு மேஜை முழுவதையும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது.

"ஒருத்தராவது பார்க்கிறாங்களா? இல்லேன்னா மேஜையைக் காலி பண்ணுங்க. மடியில தட்டை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் சாப்பிடறது?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், வந்து போனவர்களின் கணக்கைக் காட்டுவார். தினமும் ஒருவர். ஒரே ஒருவர்தான். ஆனால் டாண் என்று இரண்டு மணிக்கு வந்து, நாற்பது நிமிஷம் நகராமல் பார்ப்பவர்.

"நாப்பது நிமிஷம் பூட்டையா? யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"ரசனை உள்ளவங்க."

அந்த ரசிகரைக் குஷிப்படுத்தத்தான் ஞாயிற்றுக்கிழமை படங்கள் மாறும் வேகத்தைக் கூட்டினார். பலன், இந்த ஐந்து நிமிஷம்.

"சப்புனு இருக்குபோல" என்று முடிவுகட்டி, ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, படம் மாறும்போதெல்லாம் 'டக்'கென்று பூட்டு திறக்கிற சத்தம் சேர்த்தார். செவ்வாய்க்கிழமை ரசிகர் இரண்டே நிமிஷம்தான் இருந்தார்.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வேறு வீல் வீலென்று கத்தியது.

"என்ன குழந்தை இது! மனுஷன் யோசிக்க வேண்டாமா?"

"பாவம், நேத்துலேருந்து இப்படித்தான் அழுதுக்கிட்டே இருக்கான். பல்லு முளைக்குதோ என்னமோ" என்றாள் மனைவி.

புதன்கிழமை, கடைசி அஸ்திரமாக, பூட்டுகளைக் கலர்கலராக மின்னவிட்டு, கூடவே டிரம்ஸும் போட்டார். மணி இரண்டு. ரசிகர் வந்தார். பத்தே விநாடி. போயே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஊரைக் கூட்டியது.

பூட்டு சார் இடிந்துபோனார். நாலாயிரம் படம் எடுத்து என்ன பிரயோஜனம்? உலகத்திலேயே அதைப் பார்க்க இருந்த ஒரே ஜீவனையும் மாங்கு மாங்கென்று உழைத்து விரட்டியாயிற்று. அவர் முகத்தைப் பார்த்து மனைவிக்கே மனசு கேட்கவில்லை.

"சரி விடுங்க. மேஜையை இன்னும் ஒரு வாரம் வெச்சுக்குங்க."

காலிங் பெல் அடித்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண். கலைந்த தலை, சிவந்த கண், தோளில் கதறும் குழந்தை. கையிலிருந்த போனை அவள் தட்டிக் காட்ட, அதே டிரம்ஸ் முழங்கியது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பழையபடியே மாத்திடுங்க, ப்ளீஸ். முன்னெல்லாம் நாலாவது பூட்டு வர்றதுக்குள்ள இவன் தூங்கிடுவான், ஆறாவது வர்றதுக்குள்ள நானும் தூங்கிடுவேன்!"