பாரனுக்கு ஒரு மாலை

சம்பந்தி ஆகப்போகிறவர் வீட்டுக்கு முதல்முறை போகும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய மரியாதை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் மகள் யாழினி கட்டிக்கொள்ள விரும்பிய லூக்காஸ் ஜெர்மன் வம்சம். அவன் அப்பா ஹெல்முட்டுக்குத் தன் முன்னோர் ஒருவர் மீது அபார பக்தி. பாரன் பட்டம் பெற்ற அந்தப் பிரபு, ஒரு குட்டி அரசவையில் அந்தரங்க அதிகாரி. இடுப்பில் தங்கச் சாவி தொங்குமாம். அவர் தலையசைத்தால்தான் யாரும் அரசரின் அறைக்குள் போக முடியுமாம். அரசர் பதவி இழந்த பிறகும் சாகும்வரை சாவியைக் கழற்றவில்லையாம். ஒரு வாரம் உட்கார்ந்து இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். (என் கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

ஹெல்முட் முகம் சுளித்துவிட்டால் கல்யாணம் என்னாகுமோ என்று எனக்கு ஒரே கவலை. ஹரிஸ் பார்க் இந்தியக் கடைத்தெருவில் இனிப்போடு ஒரு மாலையும் வாங்கினேன்.

"பாரன் படத்துக்குப் போட்டா குடும்பமே உருகிடும்," என்றேன்.

"ஏங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க," என்றாள் மனைவி மீனா.

கேட்டிருக்கலாம்.

அவர்கள் வீட்டு ஹாலில் ஆளுயரப் படம் ஒன்று. வெள்ளை விக், நீலக் கோட்டு, இடுப்பில் சாவி. கீழே மெழுகுவத்தி வேறு எரிந்துகொண்டிருந்தது. போதாதா? எல்லோரும் காபி போடப் போன நேரத்தில் நாற்காலி மேல் ஏறி மாலையைப் போட்டேன். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தேன். இறங்கிக் கும்பிட்டுத் திரும்பினால், படத்திலிருந்த அதே மூக்கோடு ஹெல்முட் காபிக் கோப்பையுடன் நிற்கிறார்.

"அப்பா, அது அவர்தான்ப்பா. பாரன் மாதிரி வேஷம் போட்டு எடுத்த போட்டோ," என்றாள் யாழினி மெதுவாக. அசல் பாரன் பாத்ரூம் போகும் வழியில் உள்ளங்கை அளவில் தொங்கினார்.

இந்த மாலைக்கு என்ன அர்த்தம் என்று ஹெல்முட் ஆங்கிலத்தில் கேட்டார். "மரியாதை," என்றேன். யாழினிக்குப் பொய் வராது. செத்தவர்கள் படத்துக்குத்தான் போடுவோம் என்று போட்டு உடைத்துவிட்டாள்.

பெற்ற மகளின் கல்யாணத்தை நானே நாற்காலி போட்டு ஏறிக் கெடுத்துவிட்டேன் என்று அழுகை முட்டியது. ஹெல்முட் கோப்பையைக் கீழே வைத்தார். தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"எதுக்கும் கல்யாணத்தைச் சீக்கிரம் வெச்சுடலாம்," என்றார் ஆங்கிலத்திலேயே.

கல்யாணம் முடிந்து பேத்தியும் பிறந்தாயிற்று. மாலை சருகாகியும் அவர் கழற்றவிடவில்லை. இன்றும் நான் மணி அடித்தால் கதவைப் பாதி திறந்து, இடுப்பில் கைவைத்து, என் பையை எட்டிப் பார்க்கிறார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் கேட்கிறார்: "மாலை?"

வெறுங்கையைக் காட்டிய பிறகுதான் தலையசைத்து உள்ளே விடுகிறார்.