யுக்லானின் போர்வைப் போர்

"பலகை நட்டுட்டானா! என் வாயை அடைக்கப் பலகையே நட்டுட்டானா!"

கனத்த பஞ்சுப் போர்வையை இரு கையிலும் சுமந்தபடி யுக்லான் குடியிருப்பு வாசலில் நின்று கத்தினாள். வாரக்கணக்காக விடாத பனிமூட்டம். சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது, அலமாரித் துணியெல்லாம் பூசணம். அன்றுதான் ஹாங்காங்கில் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. வெயில் வந்தால் பூங்காவின் கம்பிவேலியில் போர்வை போட வேண்டும். இதற்கெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்போது கம்பிவேலியின் நட்டநடுவில் ஒரு பலகை. சீன எழுத்துப் பலகை இன்னும் பெயின்டரிடமிருந்து வரவில்லை. ஆங்கிலப் பலகை மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. யுக்லானுக்குத் தெரிந்த ஆங்கிலம் உள்ளங்கையளவுகூடத் தேறாது. ஆனால் உச்சியில் சிவப்பாக, பெரிதாக இருந்த அந்த ஒரு வார்த்தையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ரயிலில் ரொட்டியைப் பிரித்தால் எதிரே அதுதான். படகுத்துறையில் தூண்டில் போடப் போனால் அதுதான். பூங்காப் புல்லில் காலை நீட்டினாலும் அதுதான். அவள் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்த வார்த்தை அது.

"ப்ரோஹிபிட்டட்! தடையாம் தடை!" என்று பல்லைக் கடித்தாள்.

கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பாம்பு என்று தெரிந்த பிறகு வாலை யார் அளப்பார்கள்?

போன மாதம் காவலர்கள் அவள் போர்வையைச் சுருட்டிக் கிடங்கில் போட்டார்கள். புதிதாக வந்த மேலாளர் சூயின் அறைக்குள் புகுந்து அவள் ஒரு பிடி பிடித்தாள். வெளிநாட்டில் படித்த அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

"தலையாட்டுனதுக்கு இதான் அர்த்தமா?" என்றவள், போர்வையை வீசி அந்தப் பலகை மேலேயே போட்டு மூடினாள்.

காவலர் ஃபங் ஓடி வந்தார். "அக்கா, ஒரு நிமிஷம்..."

"கிட்ட வந்தே, நடக்கிறதே வேற! எங்க, தொடு பாக்கலாம்!"

"நான் தொடமாட்டேன்க்கா. நீங்க மொதல்ல அந்தப் பலகையை..."

"பலகையா? எந்தப் பலகை? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே!"

மேல்மாடி ஜன்னலில் பக்கத்து வீட்டு காம் தலையை நீட்டினாள். "என்னடி சண்டை?"

"நம்ம வெயிலுக்குத் தடை போட்டுட்டாங்கடி!"

அது போதும். காம் போர்வையோடு இறங்கி வந்தாள். பிறகு பன்றி இறைச்சித் தொத்திறைச்சிகளைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தாள். மாஜாங் கட்டை விளையாடும் கூட்டாளிகள் செருப்பு, தலையணை, ஆரஞ்சுத் தோல் என்று கிடைத்ததையெல்லாம் பரப்பினார்கள். ஒருத்தி மெத்தையையே இழுத்து வந்து கம்பியில் கட்டினாள். கடைசியாக உப்பு தடவிய மீன் வந்தது.

"மீனுமா?" ஃபங் அழாத குறை.

"போர்வைக்கே தடைன்னா மீனுக்கு மட்டும் என்ன மரியாதை? போடுடி!"

மீன் வந்ததும் பூனைகள் வந்தன. பூனைகளைப் பார்த்ததும் கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் நாய் பாய்ந்தது. நாய் மீனை இழுத்தது, மீன் கயிற்றை இழுத்தது, கயிறு மெத்தையை இழுத்தது. மெத்தை சாலையில் குறுக்கே விழுந்தது. மினிபஸ் ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

மேலாளர் சூய் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "அம்மா, அமைதியா இருங்க. உங்களுக்காகத்தான் நான்..."

"ஆமா, எங்களுக்காகத்தான்! ரயில்லயும் எங்களுக்காகத்தான் எழுதி வச்சிருக்கான்! இங்கிலீஷ்ல எழுதிட்டா பயந்துடுவோமா?"

யுக்லான் சிமென்ட் பெஞ்சில் ஏறி நின்றாள். ஆலையில் தலை குனிந்தாள், மாமியாரிடம் தலை குனிந்தாள், எந்த வரிசையிலும் பின்னால் தள்ளப்பட்டாள். இன்று ஒரு கூட்டமே அவள் வாயைப் பார்த்து நிற்கிறது. நெஞ்சு விம்மியது. இனி ஒரு சிவப்பு எழுத்துக்கும் அடங்குவதாக இல்லை.

"பலகை போகணும்!"

"போகணும்! போகணும்!"

ஹாரன் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு தலைமை அலுவலகக் கார் வந்தது. மூக்கைப் பொத்தியபடி ஒரு அதிகாரி அம்மாள் இறங்கினாள். மீனைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள்.

"இத்தனை கலாட்டாவுக்கும் எது காரணம்?"

எல்லா விரலும் போர்வைக்கு அடியில் இருந்த பலகையைக் காட்டின.

"அதைப் பிடுங்குங்க. இப்பவே."

"மேடம், அதைப் பிடுங்கிட்டா மறுபடி பழைய விதிதான்..." என்று சூய் இழுத்தான்.

"பழைய விதியே போதும்!" என்று பெஞ்சின் மேலிருந்து யுக்லான் முழங்கினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

ராணியின் மிடுக்கோடு இறங்கி வந்து தன் போர்வையைத் தானே எடுத்து மடித்தாள். ஃபங் பலகையைப் பிடுங்கித் தரையில் கிடத்தினார். யுக்லான் அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றாள்.

"பாத்தியா காம்? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்!"

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த காமின் மகள் விங்சீ, அந்தக் காலுக்கு அடியில் குனிந்து பொடி எழுத்துகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை எதுக்கு அத்தை பிடுங்க வச்சீங்க? 'வெயில் நாளில் குடியிருப்போர் காயப்போடும் போர்வைகளைக் காவலர்கள் தொடத் தடை'ன்னுல்ல போட்டிருக்கு!"