முதல் தரப்பின் அப்பா

ஒரு காட்டில் வெள்ளம் வரும் முன்பே வக்கீல் வந்துவிட்டார்.

ஆற்றின் நடுத்திட்டில் குடியிருந்த முயல் செவியன்தான் அவரை வரவழைத்தது. போன கோடையில் குரங்கு தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்ன மாம்பழத்தை நம்பி, கடைசியில் கொட்டையைச் சூப்பிய நாளிலிருந்து, எழுத்தில் இல்லாத எதையும் செவியன் நம்புவதில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பொன்வாலியையும் குட்டிகளையும் அக்கரை சேர்க்க வேண்டும். அந்த இழுப்பில் முயலால் நீந்த முடியாது.

"ஏறுங்க தம்பி, போயிடலாம்" என்று முதுகைக் காட்டியது ஆமை கல்மூர்த்தி.

"நில்லுங்கண்ணே. முறைப்படி செய்வோம்."

நாரை வக்கீல் நெடுங்காலர், தாளென்றால் ஊறிவிடும் என்று, கரை ஒதுங்கிய வாழைமரத் துண்டு ஒன்றில் அலகால் கொத்தி எழுதத் தொடங்கினார்.

"ஆமை முன்மொழிந்தாச்சு. முயல் ஏத்துக்கிட்டதா?"

"ஏத்துக்கிட்டேன்."

"கைம்மாறு என்ன? ரெண்டு தரப்பும் ஏதாவது கொடுக்கணும். சும்மா செய்றேன்னு சொன்ன வாக்கு செல்லாது."

"நான் சும்மாதானே கூட்டிட்டுப் போறேன்னேன்?" என்றது ஆமை.

"அதுதான் சிக்கலே."

செவியன் அக்கரையில் தான் வளர்த்த வெள்ளரிக்கொடி முழுவதையும் எழுதிக்கொடுத்தது. ஆமைக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தண்ணீர் வளைக்குள் புகுந்தது. குட்டிகள் மேட்டில் ஏறி நின்றன.

"சட்டத்துக்குக் கட்டுப்படும் எண்ணம் உண்டா? இல்லை, வெறும் அண்ணன் தம்பிப் பேச்சா?"

"அண்ணன் தம்பிதான்" என்றது ஆமை, பாசத்தோடு.

"போச்சு!" என்று செவியன் பதறியது. "எழுதாதீங்க வக்கீலய்யா! அவரு யாரோ, நான் யாரோ!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. 'அண்ணன்' இருந்த இடத்தில் வக்கீல் 'முதல் தரப்பு' என்று கொத்தினார்.

"கடைசிக் கேள்வி. வயது?"

"எண்பத்தாறு" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இந்தக் காட்டுச் சட்டத்துல ஆமை நூறு வரைக்கும் மைனர். பெரியவங்க யாராவது கையெழுத்துப் போடணும்."

"அப்பா கடற்கரையில இருக்காரு. சொல்லியனுப்பினா உடனே கிளம்பிடுவாரு. நடந்து வந்து சேர மூணு மாசம் ஆகும்."

பொன்வாலி அதற்குமேல் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்களக் கொண்டுபோய் விடுறீங்களா?" என்றது.

ஆமையின் தலை வெளியே வந்தது. "ஏறும்மா."

குட்டிகளோடு ஏறி உட்கார்ந்த பொன்வாலி புருஷனைப் பார்த்தது. "நீங்களும் வாங்களேன்."

"செல்லாத ஒப்பந்தத்துல நான் கால் வைக்க மாட்டேன்" என்றது செவியன்.

தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் அது அக்கரையைப் பார்த்துக் கத்தியது. "அண்ணே! கல்மூர்த்தியண்ணே!"

"நீ யாரோ, நான் யாரோ" என்றது ஆமை, வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தபடி. "நான் வேற மைனர். அப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

வக்கீல் பறந்துவிட்டார். மூழ்கப் போன செவியனின் கைக்கு அகப்பட்டது ஒப்பந்தம் ஒன்றுதான். அதைக் கட்டிப்பிடித்து, நிபந்தனைகளையெல்லாம் நகத்தால் பிறாண்டி, எப்படியோ கரை ஒதுங்கியது.

அங்கே ஒற்றைக் காலில் காத்திருந்தார் நெடுங்காலர்.

"பார்த்தியா? எழுதி வச்சதாலதான் பிழைச்ச."

நீதி: ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்ணீரில் மிதக்கிற பொருளில் எழுதி வாங்குங்கள்.