முன்னறைத் தியேட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே அப்பா அந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. துப்பிவிட்டு வந்து மறுபடி வெளியிட்டார்.

"இன்னையிலேர்ந்து முன் ரூம் தியேட்டர்! நடுவுல ஒரு ஸ்பீக்கர், ரெண்டு பக்கமும் ரெண்டு, பின்னாடி ரெண்டு. தரையில ஒரு பெரிய டப்பா, அது இடி இடிக்கிறதுக்கு. இதுல யாரும் குறுக்கே பேசக் கூடாது!"

தையல் மிஷின் சத்தம் நின்றது.

எங்கள் வீட்டில் அம்மா கத்தினால் பயமில்லை. மிஷின் நின்றால்தான் பயம்.

"முன் ரூமா?" என்றாள் அம்மா.

"முன் ரூம்தான்."

"நான் தையல் கிளாஸ் வைக்கக் கேட்டேனே, அந்த முன் ரூமா?"

"நீ கேட்டது போன வருஷம். நான் சொல்றது இன்னைக்கு."

அம்மா தையல்காரி. அவளுடைய மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் கிடக்கிறது. அவசரமாகக் குளியலறைக்குப் போகிறவர்கள் அம்மாவின் முழங்காலையும் ஒரு துணி மூட்டையையும் தாண்டித்தான் போக வேண்டும். கீழ்வீட்டு அக்காவும் இன்னும் ஐந்து பேரும் அவளிடம் தையல் கற்றுக்கொள்ளத் தவம் கிடந்தார்கள். உட்கார இடமில்லை. முன்னறையில் இடமிருந்தது. அங்கே ஒரு சோபாவும், ஒரு டிவியும், டீபாய்மேல் அப்பாவின் இரண்டு பாதங்களும் வசித்துவந்தன.

"சரிங்க, தியேட்டரே வைங்க," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு தடவை பல் தேய்க்கப் போனார்.

அன்றைக்கே மூன்று பேரும் ஸ்பீக்கர் கடைக்குப் போனோம். அங்கே கழுத்தில் 'ஒலி ஆலோசகர்' என்று அட்டை மாட்டிய ஒருவர் எங்களை வரவேற்றார். பாவம், மூக்கடைப்பு. 'அம்மா' என்று அவர் சொன்னால் 'அப்பா' என்று கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானோ ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு குரல் எல்லா நாளும் கிடைக்காது.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். இருபது வருஷமாக 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டே பழகியவர். ஸ்பீக்கரையும் அப்படியே தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்.

"முதல் ஸ்பீக்கரைப் போடுங்க. ம்... இப்ப ரெண்டாவது. எது தெளிவு? மறுபடி முதல். இப்ப?"

"சார், அதை நீங்கதான் சொல்லணும்."

"இருங்க, இருங்க." அப்பா இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "இப்ப போடுங்க." பிறகு வலது காதைப் பொத்தினார். "இந்தக் காதுல கொஞ்சம் மங்கலா இருக்கே?"

ஆலோசகர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"இப்ப நான் அந்தச் சுவரோரம் போய் நிக்கிறேன். நீங்க சத்தத்தைப் படிப்படியா குறைச்சுக்கிட்டே வாங்க. கடைசி வரி வரைக்கும் கேட்குதான்னு பார்க்கணும்."

ஒன்றரை மணி நேரம். ஆலோசகரின் மூக்கோடு சேர்ந்து கண்ணும் அடைத்துக்கொண்டது. கடைசியில் இத்தனை சோதனைக்கும் சம்பந்தமே இல்லாமல், என் தோள் உயரத்துக்கு நின்ற இரண்டு ராட்சசப் பெட்டிகளைக் கைகாட்டினார் அப்பா.

"இதுதான். எடுப்பா இருக்கு."

"சார், ஒண்ணு சொல்றேன். ஸ்பீக்கர் பாதிதான், ரூம் பாதி," என்றார் ஆலோசகர். "காலி ரூம்ல எவ்ளோ பெரிய பெட்டி வெச்சாலும் கிணத்துக்குள்ள பேசற மாதிரிதான் இருக்கும். எதிரொலியை உறிஞ்சணும். அதுக்குத் துணி வேணும் சார், துணி. புரியுதுங்களா?"

"துணியா?" என்றாள் அம்மா. கூரையிலிருந்து அவள் பார்வை சரேலென்று கீழே இறங்கியது.

"நிறைய துணிங்க. சனிக்கிழமை நான் வந்து மாட்டித் தரேன். அதுக்குள்ள ரூமைத் தயார் பண்ணுங்க. சந்தேகம்னா போன்லயே சொல்லிடறேன். புரியுதுங்களா?"

அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னை நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏய் வாலு, அந்த மூக்கு மாதிரி பேசு பார்ப்போம்."

பேசினேன்.

என் மிமிக்ரிக்காக இதுவரை அம்மா பள்ளிக்கூடத்துக்கு மூன்று முறை வந்து தலைமையாசிரியை முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். அப்படிப்பட்டவள் இப்போது என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். "கீழ்வீட்டுக்காரி போன்லேர்ந்து பேசு. அந்த நம்பர் அப்பாகிட்ட இல்லை."

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது.

"சார், ஒலி ஆலோசகர் பேசறேன். இடது பக்கச் சுவர் முழுக்க அலமாரி அடிங்க. அதுல துணியைச் சுருட்டிச் சுருட்டி அடுக்குங்க. மடிச்சு வைக்கக் கூடாது, சத்தம் வழுக்கிடும். புரியுதுங்களா?"

நான் படியேறி மேலே வந்தபோது அப்பா அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உன்கிட்டதான் அத்தனை துணி இருக்கே. கொஞ்சம் குடுத்து உதவக் கூடாதா?"

"என் துணியெல்லாம் உங்க தியேட்டர்லயா? நல்லா இருக்கே கதை! நாளைக்குக் கஸ்டமர் வந்து கேட்டா, 'அது எதிரொலி உறிஞ்சிக்கிட்டிருக்கு, அப்புறம் வாங்க'ன்னு சொல்லவா?"

"ஏய், தயவு பண்ணும்மா."

"எனக்குத் துளிகூட இஷ்டமில்லை. உங்களுக்காக ஒத்துக்கறேன்."

அப்பா அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அலமாரியையும் தானே அடித்தார். தேவைப்பட்ட ஓட்டை எட்டு, சுவரில் விழுந்தது பதினைந்து.

செவ்வாய்க்கிழமை: "சார், ரூம் மூலையிலதான் அந்த இடிச் சத்தம் போய்த் தேங்கும். ஒரு மூலையை வளைச்சுத் திரை கட்டுங்க. உள்ளே ஒரு ஆள் நிக்கற அளவு இடம் விடுங்க. ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு உள்ளே மாட்டுங்க. சத்தம் எங்கே பட்டுத் திரும்புதுன்னு அதுல தெரியும்."

"சத்தம் கண்ணாடியில தெரியுமா?"

கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் சார்," என்றேன்.

"கரெக்ட், கரெக்ட். எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

புதன்கிழமை முன்னறையின் நடுவுக்கு நீள மேஜை வந்தது. "தரைக்கும் கூரைக்கும் நடுவுல சத்தம் பந்து மாதிரி குதிக்கும் சார். தடுக்கணும்." வியாழக்கிழமை மேஜைக்கு நேர் மேலே வெள்ளை விளக்குகள். வெள்ளிக்கிழமை சோபா வெளியேறி, முதுகு நிமிர்ந்த ஆறு நாற்காலிகள் உள்ளே வந்தன. "மெத்தையில உட்கார்ந்தா தூக்கம் வரும் சார், இசை வராது."

ஒவ்வொரு வேலைக்கும் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா தாஜா பண்ணினார். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பாவம், எனக்காக எவ்வளவு விட்டுக்குடுத்திருக்கா, பார்த்தியா?" என்று என்னிடம் கண்கலங்கினார். நான் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. சிரிப்பை அடக்கினால் எனக்குக் காது துடிக்கும்.

சனிக்கிழமை ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. அம்மாவின் மிஷினை முன்னறைக்கு மாற்ற வேண்டும். கீழ்வீட்டுக்குப் போய் எண்ணை அழுத்தினேன். ஆலோசகர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, எங்கள் முன்னறையில் நின்றுகொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது.

"சார், ஒலி ஆலோசகர் பேசறேன்."

அப்பாவின் குரல் மெதுவாக வந்தது. "எங்கேயிருந்து பேசறீங்க?"

"கடையிலேர்ந்துதான் சார்."

"அப்ப என் முன்னாடி பெட்டியோட நிக்கிறது யாரு?"

ஒரு நல்ல பெண்ணாக இருந்தால் நான் போனை வைத்திருப்பேன். "அவன் புது ஆளு சார்," என்றேன். "அவன் சொல்றது எதையும் நம்பாதீங்க."

"யார்றா நீ?" போனில் நிஜ மூக்கு பாய்ந்தது.

"நீ யார்றா?" என்றது என் மூக்கு.

"பதினெட்டு வருஷமா நான்தான்டா ஒலி ஆலோசகர்!"

"அப்ப நான் இருபது வருஷமா!"

அதோடு தொலைந்தேன். ஏனென்றால் அந்த முன்னறையில் இப்போது எதிரொலியும் இல்லை, இரைச்சலும் இல்லை. திறந்த ஜன்னல் வழியாக, கீழேயிருந்து நான் கத்தியது ஒவ்வொரு எழுத்தாக அப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. ஜன்னலிலிருந்து அவர் தலை நீண்டது.

"வாலு! மேலே வா!"

போனேன். அப்பா அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். துணி அலமாரி. துணி வெட்டும் மேஜை. உடை மாற்றும் திரை. ஆளுயரக் கண்ணாடி. ஆறு நாற்காலி. தன் கையாலேயே அடித்து, மாட்டி, பெருக்கித் துடைத்த தையல் பள்ளி.

"என்னை ஏமாத்திட்டியே," என்றார் அம்மாவிடம். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம் இருந்தது. எனக்குக் காது துடிப்பது நின்றுவிட்டது.

அம்மா முதல் தடவையாகப் பொய்முகம் இல்லாமல் பேசினாள். "ஏமாத்தினேன்தாங்க. நேரா பதினோரு தடவை கேட்டேன். பதினோரு தடவையும் டிவியைப் பார்த்துக்கிட்டே 'பார்க்கலாம்'னீங்க. அந்த ஆறு பேருக்கும் எத்தனை நாள் நான் 'பார்க்கலாம்'னு சொல்றது? வேணாம்னா சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் கழட்டிடறேன்."

அதற்குள் ஆலோசகர், எதிரொலி வருகிறதா என்று பார்க்கக் கையைத் தட்டினார். சுற்றிப் பார்த்து மறுபடி தட்டினார். "சார், கழட்டாதீங்க! இவ்ளோ அருமையான ரூமை நான் பார்த்ததே இல்லை. இதுக்கு அந்த ராட்சசப் பெட்டியெல்லாம் எதுக்கு? சின்ன ஸ்பீக்கரே போதும்."

வண்டியிலிருந்து சின்னதாக ஐந்து எடுத்துவந்து துணிகளுக்கு நடுவிலும் ஜன்னலோரமும் வைத்து, ஒரு வீணையைப் போட்டார். கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. அப்பா இடது காதைப் பொத்தினார். வலது காதைப் பொத்தினார். பிறகு இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"தெளிவு," என்றார்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கிளாஸ். ஆறுக்கு மேல தியேட்டர். ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது!"

"சரிங்க," என்றாள் அம்மா. அந்த 'சரிங்க' வந்த வேகத்திலேயே அப்பா உஷாராகியிருக்கலாம். அவர் மிஷினைத் தூக்கிவரப் போய்விட்டார். ஆலோசகர் திரைக்குள் புகுந்து, வெளியே வந்து, தன் பேன்ட்டை இரண்டு அங்குலம் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை மணி ஆறு. அப்பா விளக்கைக் குறைத்துப் படத்தைப் போட்டார். இடி இடித்தது. மழை எங்கள் தலைக்குப் பின்னால் பெய்தது. ஆறு மாணவிகளில் ஒருத்தியும் எழுந்து போகவில்லை. "ஐயோ, படமா!" என்று நாற்காலியை டிவிப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அப்பாவுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு இடிக்கும் ஆறு பேரும் துள்ளுவதைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"ஏங்க, சும்மாதானே நிக்கிறீங்க?" என்று அம்மா ஒரு சட்டையை நீட்டினாள். "கண்ணாடி ஸ்க்ரூ மாட்டற விரல். இந்தப் பித்தானைத் தெச்சுடுங்களேன்."

மேஜை விளக்கு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு அப்பா தைத்தார். ஒரு சட்டை முடிந்தது. தானாகவே இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது சட்டையில், படத்தில் மலையே வெடித்துச் சிதறியபோது, பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி என்னை அதட்டினார்:

"ஏய் வாலு, அந்தச் சத்தத்தைக் குறை. தையல் கோணுது!"