பிளாப்பிக்கு வைத்த பொட்டு

பயம் வந்தால் சிலருக்கு நாக்குக் குழறும், சிலருக்குக் கால் நடுங்கும். எனக்குக் கை சும்மா இருக்காது. அப்படித்தான் ஒரு மில்லையே மூழ்கடிக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அடுத்த மாதம் கல்யாணம். மில் கம்ப்யூட்டரை ஓட்டிய யூனிக்ஸ் சிஸ்டம் தெரிந்த மாப்பிள்ளை என்பதற்காகவே பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள் (யூனிக்ஸ் என்பது ஏதோ பட்டப்படிப்பு என்று மாமனார் நினைத்திருந்தார், நானும் மறுக்கவில்லை).

ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். மேஜை மேலிருந்த, மில் கணக்குகளின் நகல் கொண்ட பேக்கப் பிளாப்பியையும் நான் விடவில்லை. மேலே வைத்தால் சாமிக்குத் தெரியாதோ என்று, அதன் தகர மூடியை விலக்கி, உள்ளே தெரிந்த கறுப்புத் தகட்டிலேயே குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டால் ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தது. இன்ஜினியர் வந்து புதியது ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். மில்லின் அத்தனை விவரங்களும் இனி பிளாப்பியில்தான். பொட்டு வைத்ததைப் போட்டேன். டிரைவ் கரகரவென்றது. திரையில் 'ரீட் எர்ரர்', அதாவது படிக்க முடியவில்லையாம். பயம் வந்துவிட்டது. கை சும்மா இருக்குமா? பீரோவில் இருந்த இரண்டாவது பிரதியை எடுத்துப் போட்டேன். அதுவும் எர்ரர். இன்ஜினியருக்குப் போன் செய்து பொட்டு வைத்த கதையைச் சொன்னேன்.

"டிரைவுல பிளாப்பியைப் படிக்கற ஹெட்டுல குங்குமம் ஒட்டியிருக்குமுங்க. தொடைக்காம வேற பிளாப்பி போட்டுப்போடாதீங்க, அதையும் கீறிப்போடும்."

"போட்டுப்போட்டேனுங்க."

"இனி எதையும் தொடாதீங்க, நானே வர்றேனுங்க" என்று அவர் போனை வைத்தார்.

மூன்றாவது பிரதி, அதுதான் கடைசி, முதலாளி வீட்டில் இருந்தது. எங்கே? பூஜை அறையில்! வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். முதலாளி தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"அம்மணி, அந்தப் பிளாப்பிக்குப் பொட்டு கிட்டு வெச்சயா?"

அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கவரு மேலதான் வெச்சாளாம். அவளுக்கு இருக்கற புத்தி..."

இன்ஜினியர் திரும்பி வந்து ஹெட்டைத் துடைத்தார். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, முதலாளி வீட்டிலிருந்து வந்த பிளாப்பியை அவரே போட்டார். ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடத் தொடங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வேலை தப்பியது, கல்யாணமும் நடந்தது. அதற்குள் கதை பெண் வீடு வரை போயிருந்தது. பெண்ணின் நெற்றியில் நான் குங்குமம் வைக்கப்போன நேரம், முன்வரிசையிலிருந்து முதலாளி கத்தினார்.

"பாத்துங்க அம்மணி! இவரு பொட்டு வெச்சா அப்பறம் எதுவுமே ரீட் ஆகாதுங்க!"

மண்டபமே சிரித்தது. இன்றுவரை நான் சொல்வது பிடிக்கவில்லை என்றால், என் மனைவி நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, "ரீட் எர்ரருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.